ஆபரேஷன் பண்ணியும் வெயிட் குறையலையா? திட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

"லட்சக்கணக்குல செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணாங்க. ரெண்டு மூணு வருஷத்துல பழையபடி ஏறிடுச்சு. வாயைக் கட்டல, அதான்." மதுரையில் சொந்தக்காரங்க மட்டும் இப்படிச் சொல்றதில்லை, டாக்டர்களும் சொல்றாங்க. என் கோபம் டாக்டர்கள் மேலதான்.

ஸ்லீவ் ஆபரேஷன்ல இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுக்கிறோம். பசி குறையும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். முதல் ஒன்றரை வருஷம் எடை கிடுகிடுன்னு இறங்கும். "முன்பு, பின்பு" போட்டோ எல்லாம் இந்தக் கட்டத்துல எடுத்ததுதான். அதுக்கப்புறம் முடிவு பண்றதுல உங்க வீடு, சம்பளம், வேலை எல்லாத்துக்கும் பங்கு உண்டு.

ஒரே ஒரு கணக்கு. ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் குறைஞ்சது 60 கிராம் புரதம் வேணும்னு சீட்டுல எழுதித் தர்றோம். ரேஷன்ல மாசம் கிடைக்கிறது ஒரு கார்டுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு. அதுல மொத்தம் 220 கிராம் புரதம். ஒரே ஆளுக்கு நாலு நாள்கூடத் தாங்காது. ஆனா அது முழுக் குடும்பத்துக்குமான பருப்பு! அரிசி மட்டும் இலவசமா வருது. டயட் சீட்டுல முதல்ல அடிக்கிறதும் அந்த அரிசியைத்தான். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுற அம்மாவுக்கு முட்டை எங்கிருந்து வரும்?

"கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சாறு வேளை, மெதுவா மென்னு சாப்பிடுங்க." சரி. மாசி வீதியில துணிக்கடையில் நாள் முழுக்க நிக்கிற பொண்ணு அஞ்சு வேளை எங்க உட்கார்ந்து சாப்பிடும்? நாற்காலி கொடுக்கவே 2021ல சட்டம் போட வேண்டியிருந்த மாநிலம் இது. கடையில் கிடைக்கிற அஞ்சு நிமிஷத்துல சர்க்கரை போட்ட டீயும் பன்னும்தான் சுலபமா இறங்கும். (ஜிகர்தண்டாவும் அப்படித்தான். சின்ன இரைப்பை அதையெல்லாம் தடுக்காது.)

குழந்தைக்கு வாங்க. குறைஞ்சது ஒரு வருஷம், முடிஞ்சா ஒன்றரை வருஷம் தள்ளிப்போடணும்னு சொல்றோம். அதை அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? மாமியாரையும் புருஷனையும் கூப்பிட்டு உட்காரவெச்சு சொல்றோமா?

இரத்தச்சோகை தனிக் கதை. NFHS-5 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15–49 வயசுப் பெண்களில் பாதிக்கு மேல் ஏற்கனவே சோகை. இரும்புச்சத்து உறிஞ்சுறதும் ஆபரேஷனுக்குப் பிறகு குறையும். சோர்ந்துபோய்க் கிடக்கிறவங்களைப் பார்த்து "வாக்கிங் போகல, சோம்பேறி"ன்னு எழுதுறோம்.

ஃபாலோ-அப்புக்கு ஏன் வரலைன்னு கேட்கிறவங்களுக்கு: பேரையூர்லயிருந்து மதுரைக்கு வந்துபோக ஒரு நாள் கூலி போகும். டெஸ்ட்டுக்கும் மாத்திரைக்கும் தனிக் காசு. வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் வேணும். இன்சூரன்ஸோ பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆகி 60, 90 நாளோட கையைக் கழுவிடும்.

அந்த இன்சூரன்ஸ் விதியையும் பாருங்க. பிஎம்ஐ 40, அல்லது தீவிர நோய்களோட 35 இருந்தாத்தான் காப்பீடு. நம்ம ஆட்களுக்கு அதைவிடக் குறைஞ்ச எடையிலேயே சர்க்கரை நோய் வருது, ஆசியர்களுக்கு 27.5லயே யோசிக்கலாம்னு சர்வதேச வழிகாட்டுதல் 2022லயே சொல்லிடுச்சு. காசு இருக்கிறவர் முன்னாடியே பண்ணிக்கிறார். மத்தவங்க உடம்பு இன்னும் கெடட்டும்னு காத்திருக்கணும்.

ஆபரேஷனே தப்புன்னு நான் சொல்லல. ஸ்வீடன்ல 1987ல தொடங்கின ஆய்வுல 20 வருஷம் கழிச்சும் சராசரியா 18 சதவீத எடைக் குறைவு நின்னிருக்கு.

சர்ஜன் நண்பர்களே, பேக்கேஜ் ரேட்டோட இரண்டு வருஷ ரத்தப் பரிசோதனையும் டயட்டீஷியனும் சேர்த்துப் போடுங்க. நோயாளிகளே, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அது பில்லுல இருக்கான்னு கேளுங்க.