ஒப்பந்தமும் ஒப்புதலும்

ஒப்பந்தம் என்ற சொல்லின் முகப்பிலேயே 'ஒப்பு' நிற்கிறது. இரு தரத்தார் மனமொத்துச் செய்துகொள்ளும் ஏற்பாடு என்றே தமிழறிந்தார் அதற்குப் பொருள் கொள்வர். ஆனால் நமது ஊவாத் தோட்டங்களில் அச்சொல் வேறொரு பொருளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கொழும்பில் யாரோ கையெழுத்திட்டு முடித்த ஒன்று, அதற்குக் கட்டுப்பட்டவர்கள் பிறகு வானொலியிலோ பத்திரிகையிலோ கேட்டறிய வேண்டிய ஒன்று, இதுவே லயத்தில் ஒப்பந்தம். இந்தப் பொருள் மாற்றம் தானாக நேர்ந்ததன்று. அதன் வரலாற்றைத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிப்போரும் படிப்போரும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1992இல் தோட்டங்கள் தனியார் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. பின்வந்த காலத்தில் தொழிலாளரின் நாட்சம்பளம் ஈராண்டுக்கொரு முறை கூட்டு ஒப்பந்தத்தால் தீர்மானிக்கப்பட்டது. ஒரு புறம் கம்பெனிகளின் சார்பில் முதலாளிமார் சம்மேளனம். மறு புறம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி ஆகிய மூன்று. 2013ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய், வரவுக்கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30, ஆக 620. அது 2015 மார்ச்சில் முடிவுற்றது. ஆயிரம் ரூபாய் வாங்கித் தருவோம் என்று மேடைகள் முழங்கின. ஒன்றரை ஆண்டு கழித்து 2016 ஒக்டோபரில் கையெழுத்தான தொகை 730. இடைப்பட்ட பதினெட்டு மாதத்துக்கும் நிலுவை இல்லை.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் அப்போது ஆசிரியனாயிருந்தேன். என் மாணவி ஒருத்தியின் தாயார் ஒரு மாலை சம்பளச் சீட்டோடு வந்தார். "எழுநூத்தி முப்பதுன்னு ரேடியோவில சொன்னாங்க சேர், அது இதுல எங்கங்க இருக்கு?" என்று கேட்டார். தேடினேன். அடிப்படை 500, வரவுக்கு 60, விலைப்பங்கு 30 என்பன இருந்தன. மிகுதி 140 ரூபாய் உற்பத்திக் கொடுப்பனவு. நாளொன்றுக்குக் குறித்த கிலோக் கணக்கை எட்டியவருக்கே அது உரியது. கொழுந்து குறைந்த மாதத்தில் அந்த அம்மாள் அக்கணக்கை எட்டவில்லை. ஆகவே அவருக்குக் கிடைத்தது 590. ஒப்பந்தத்துக்கு முன், வரவு குறையாத மாதத்தில் அதே உழைப்புக்கு அவர் பெற்றது 620! நாளொன்றுக்கு முப்பது ரூபாய் குறைவு. அதற்குப் பெயர் சம்பள உயர்வு. அடிப்படைச் சம்பளம் ஐம்பது ரூபாய் ஏறியதால் சேமலாப நிதிக்கு நன்மை உண்டு என்று அவருக்குச் சொன்னேன், அது உண்மைதான். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அன்றைய அரிசிக்கடைக்கு அந்த உண்மை உதவவில்லை.

என் வாதம் அந்த ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது பற்றியதன்று. வறண்ட மாதத்தில் மலையில் எத்தனை கிலோ எடுக்க முடியும் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும். கையெழுத்திட்டவர்கள் அதை அவரிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தால், 140 ரூபாய் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்பதை அவரே சுட்டிக் காட்டியிருப்பார். கேட்கவில்லை. மாதந்தோறும் சந்தாப் பணம் அவருடைய சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது. சம்மதம் மாத்திரம் பெறப்படவில்லை. கைத்தொழிற் பிணக்குச் சட்டம் 1950இல் வந்தது. 1999இல் அதைத் திருத்தி, தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பது பேரைக் கொண்ட சங்கத்தோடு முதலாளி பேசியே ஆகவேண்டும் என்றார்கள். நல்ல திருத்தம். ஆனால் அந்தச் சங்கம் தன் உறுப்பினரோடு பேசியே ஆகவேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? மலையகத்தாரின் வாழ்வைப் பெரும்பாலும் பிறர் எழுதிய காகிதங்களே நடத்தி வந்திருக்கின்றன. 1921இல் ஒழிக்கப்படும் வரை 'துண்டு' என்ற கடன் சீட்டு ஒரு குடும்பத்தைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றியது. 1947இல் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரின் நாடு எது என்பதைப் பற்றியது. ஐந்தே கால் இலட்சம் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் இலங்கைக்கு, எஞ்சியோர் பற்றிப் பின்னர் பேசுவோம் என்று பங்கிட்டார்கள். அவர்களுள் ஒருவரையேனும் கேட்டதாக வரலாறு இல்லை. பதுளையிலிருந்து மூட்டை முடிச்சோடு ரயிலேறித் தலைமன்னார் போனவர்களுக்கும் 'ஒப்பந்தம்' என்ற சொல்தான் காரணமாகச் சொல்லப்பட்டது.

வாக்குச் சீட்டு இல்லாத அந்தக் காலத்தில் சங்கமே இம்மக்களுக்குப் பாராளுமன்றமாக இருந்தது. பிறப்பத்திரம் முதல் பொலிஸ் வழக்கு வரை சங்கக் காரியாலயமே கதி. அந்தச் சேவையை நான் குறைத்து மதிப்பிடேன். சங்கங்கள் இல்லையேல் மலையகம் இன்றிருக்கும் நிலைக்கும் வந்திராது. ஆயினும் அந்த நிலை ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றது. தலைவர் பேசுவார், மக்கள் கேட்பர். 1978இல் சௌமியமூர்த்தி தொண்டமான் மந்திரியான பின் சங்கத் தலைமையும் அரசாங்கப் பதவியும் ஒரே ஆளிடம் சேர்வது வழமையாயிற்று. சம்பளப் பேச்சில் தொழிலாளர் பக்கமாக அமர்பவர், தேர்தலில் தமக்கு வேண்டிய கூட்டணியையும் நினைத்துக்கொண்டே அமர்கிறார். அவர் எவ்வளவு நல்லவராயினும் அவருக்கு இரண்டு எசமானர்கள்.

வேறு தொழில்களில் இது எப்படி நடக்கிறது? விமானம் ஓட்டுவோரைப் பாருங்கள். அமெரிக்காவின் யுனைட்டட் விமானக் கம்பெனியில் விமானிகளின் சங்கப் பிரதிநிதிகள் 2022இல் நிர்வாகத்தோடு பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு இணங்கி வந்தார்கள். அது அப்படியே அமுலுக்கு வரவில்லை. உறுப்பினரின் வாக்கெடுப்புக்குச் சென்றது. அவ்வாண்டு நவம்பரில் வாக்களித்தவருள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். சங்கம் உடைந்துவிடவில்லை. பிரதிநிதிகள் மீண்டும் மேசைக்குப் போனார்கள். முன்னையதைவிட மிக மேலான ஒப்பந்தம் 2023இல் வந்தது, அதையும் வாக்கெடுப்பில்தான் ஏற்றார்கள். 'என் உறுப்பினர் இதை ஏற்கமாட்டார்' என்று ஒரு பிரதிநிதி சொல்லும்போது, எதிரே இருப்பவர் அதை நம்பும்படி செய்வது வாக்கெடுப்பே.

விமானி எங்கே, கொழுந்தெடுப்பவள் எங்கே என்று சிரிப்பார் உண்டு. விமானி ஒருவரை ஒரு நாளில் உருவாக்க முடியாது. ஆகவே அவர் குரலுக்கு மதிப்பு உண்டு என்பர். சரி, ஊவாவின் தேயிலையை எடுத்துக்கொள்வோம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் சில வாரங்களில்தான், உலகம் விலை கொடுத்து வாங்கும் ஊவா மணம் கொழுந்தில் ஏறுகிறது. எடுக்காத கொழுந்து நாலைந்து நாளில் முற்றிவிடும். முற்றிய இலைக்கு அந்த மணமும் இல்லை, விலையும் இல்லை. இரண்டிலையும் மொட்டும் பார்த்துக் கிள்ளும் விரலை வேலை தெரியாத கூலி என்பவர்கள் ஒரு நாளாவது கூடை சுமந்து மலையேறிப் பார்க்கலாம்.

இந்த எண்ணம் நமக்கு அந்நியமானதும் அன்று. 1940இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் மூண்டபோது, பதுளை வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தாமே வாக்களித்து ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே நிர்வாகம் நடத்துவதாகத் தோட்டத் துரை இணங்கினார். பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்த வெள்ளமும் அந்த அலையைத் தணித்தன. ஆனால் எழுத்தறிவு அருகியிருந்த அந்நாளிலேயே தம் பிரதிநிதியைத் தாமே தெரிந்தெடுக்க அறிந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, "இவர்களுக்கு ஒப்பந்தம் விளங்காது" என்று இன்று சொல்வது நாகரிகமன்று.

மற்றொரு தடை சொல்லப்படுகிறது: கூட்டு ஒப்பந்தமே இப்போது இல்லையே என்பது. 2019 ஜனவரியில் ஒப்பமான 700 ரூபாய் அடிப்படையும் 50 ரூபாய் விலைப்பங்கும் கொண்ட ஒப்பந்தம் 2021இல் முடிந்தபின், சம்பளம் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்தது. 2021இல் ஆயிரம். 2024 மே மாதத்தில் அறிவித்த 1,700 நீதிமன்றத் தடையில் நின்று, செப்டெம்பரில் 1,350 ஆயிற்று. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ஆக்கவும், அரசாங்கம் வரவுக்கு 200 ரூபாய் கொடுக்கவும் முன்மொழிந்தது. தொகை ஏறியதில் மகிழ்ச்சியே. ஆனால் வர்த்தமானி நாட்சம்பளத்தைத்தான் சொல்லும். எத்தனை கிலோவுக்கு ஒரு பேர், எப்போது அரைப்பேர், மழையில் என்ன செய்வது, குளவி கொட்டினால் யார் பொறுப்பு என்பவை பேசித் தீர்க்க வேண்டியவை. ஆகவே கூட்டு ஒப்பந்தம் மீண்டும் வேண்டும். ஆனால் பழைய வழியில் வேண்டாம்.

செய்யத்தக்கது கடினமன்று. நகல் ஒப்பந்தம் கையெழுத்துக்கு இரண்டு வாரம் முன்பு எளிய தமிழில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் வரவேண்டும். அதை வாசித்து விளக்கும் பணியை ஆசிரியர்களும் உயர்வகுப்பு மாணவரும் ஏற்கலாம். கோ. நடேசய்யர் தொழிலாளருக்குச் சட்டத்தை எடுத்துச் சொன்ன காலத்தில், அவர் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடல்களாலேயே மக்களை விழிக்கச் செய்தார். அப்படிப் பாட நம்மிடையே ஆளில்லாவிட்டாலும், 590க்கும் 620க்கும் உள்ள வித்தியாசத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட ஆள் உண்டு. பின்னர் ஒரு காலை, பிரட்டுக்களத்தில் பெட்டி வைத்து இரகசிய வாக்கு. எண்ணும் இடத்தில் சரிபாதியேனும் பெண்கள் இருக்கவேண்டும், ஏனெனில் கொழுந்தெடுப்போரில் பெரும்பாலோர் அவர்களே. தோட்டத் தலைவர் பதவியில்தான் அவர்களைக் காண்பது அரிது. சீட்டில் 'ஏற்கிறேன்', 'ஏற்கவில்லை' என்ற இரண்டு சொற்கள் போதும். வாக்காளர் இடாப்புக்கும் அலைய வேண்டியதில்லை. செக்ரோலில் எல்லாருடைய பேரும் இருக்கிறது.