ஒருவரைப் பிடிக்க ஒரு தெருவையே அடைப்பதா?

"ஐஸ்" என்றால் நமக்குக் குச்சி ஐஸ். அமெரிக்க நகரங்களில் 2025ம் ஆண்டு அந்தச் சொல்லைக் கேட்டு ஜனங்கள் ஓடினார்கள்!

காரணம், அங்கே "ஐஸ்" என்பது குடியேற்றச் சட்ட அமலாக்க இலாகாவின் சுருக்கப் பெயர். முறையான அனுமதி இல்லாமல் தங்கி இருப்பவர்களைப் பிடித்து நாடு கடத்துவது அந்த இலாகாவின் வேலை.

சட்டத்தை மீறித் தங்கியவரைத் திருப்பி அனுப்ப எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. வரிசையில் நின்று, விசா கேட்டு, ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடப்பவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் பிடிப்பதற்கு ஒரு முறை என்று உண்டு. பிடிபடுவது ஒரு ஆள், பயந்துபோய் வீட்டுக்குள் அடைபடுவது ஒரு தெரு என்றால், அந்த முறையில் கோளாறு இருக்கிறது!

ஐஸ் வண்டியும் "ஐஸ்" வண்டியும்

சிகாகோ நகரில் "லிட்டில் வில்லேஜ்" என்று ஒரு பேட்டை. மெக்சிகோவில் இருந்து வந்தவர்கள் நிறைந்த இடம். அங்குள்ள 26வது தெரு, அந்த நகரத்திலேயே அதிகமாக வியாபாரம் ஆகும் தெருக்களில் ஒன்று என்று பேர் எடுத்தது. ரொட்டிக் கடை, துணிக் கடை, நகைக் கடை என்று வரிசையாக இருக்கும். அங்கேயும் குச்சி ஐஸ் வண்டிக்காரர்கள் மணி அடித்துக்கொண்டு வண்டி தள்ளுவார்கள்.

2025 செப்டம்பர் 8ந் தேதி சிகாகோவில் மத்திய சர்க்கார் பெரிய வேட்டையைத் தொடங்கியது. முகத்தை மூடிய ஆட்கள், நம்பர் தெரியாத கார்களில் வந்து இறங்கினார்கள். ஐஸ் வண்டிக்காரர், பின்னால் "ஐஸ்" வண்டி வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

வாங்க ஆள் வரவில்லை. கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் கொண்டாடுகிற மெக்சிகோ சுதந்திர தின விழாவையே நகரத்தில் தள்ளிவைத்தார்கள். பண்டிகை வியாபாரத்தை நம்பிச் சரக்கு வாங்கிப் போட்டவன் கதி என்ன ஆகும்? கடை வைத்திருப்பவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை!

அந்தக் கடைக்காரர்களில் பலர் அமெரிக்கப் பிரஜைகள். கடைக்கு வாடகை கட்டுகிறவர்கள். சர்க்காருக்கு வரி கட்டுகிறவர்கள். அவர்களைப் பிடிக்க யாரும் வரவில்லை. ஆனாலும் அவர்கள் கல்லாதான் முதலில் காலியாச்சு.

நடுராத்திரியில் ஹெலிகாப்டர்

அதே சிகாகோவில், செப்டம்பர் 30ந் தேதி நடுராத்திரிக்குப் பிறகு, "சவுத் ஷோர்" பகுதியில் 5 மாடிக் குடியிருப்பு ஒன்றை வளைத்தார்கள். மேலே ஹெலிகாப்டர். கீழே நூற்றுக்கணக்கான ஆயுதம் தாங்கிய ஆட்கள். கதவுகள் உடைந்தன. தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி வெளியே கொண்டுவந்தார்கள்.

கைதானவர்கள் 37 பேர். ஆனால் அந்தக் குடியிருப்பில் இருந்த அமெரிக்கப் பிரஜைகளையும் பிளாஸ்டிக் பட்டையால் கையைக் கட்டி மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். விடிந்த பிறகு அவர்கள் வேலைக்குப் போக வேண்டும். உடைந்த கதவை யார் மாட்டுவது? போன தூக்கத்தை யார் தருவது?

கூலிக்கு நின்றவர் கதி

இதற்கு முன்பே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இதை அனுபவித்துவிட்டது. 2025 ஜூன் 6ந் தேதி அங்கே துணி மொத்த வியாபாரம் நடக்கும் பகுதியில் சோதனை போட்டார்கள். வீடு கட்டும் சாமான் விற்கும் கடை வாசலிலும் போய்ப் பிடித்தார்கள்.

அந்த மாதிரிக் கடை வாசலில்தான் கூலிகள் காலையில் வந்து நிற்பார்கள். பெயிண்ட் அடிக்க, ஓடு மாற்ற, தோட்டம் வெட்ட என்று யாராவது வந்து கூப்பிட்டுப் போவார்கள். அன்றாடம் உழைத்தால்தான் அன்றைய சாப்பாடு.

சோதனையைக் கண்டித்து ஜனங்கள் திரண்டார்கள். கலவரம் மூண்டது. ஜனாதிபதி டிரம்ப் சுமார் 4 ஆயிரம் தேசியக் காவல் படையினரையும், 700 மரைன் படை வீரர்களையும் அனுப்பினார். மேயர் கேரன் பாஸ் நகரின் மையப் பகுதியில் ராத்திரி 8 மணி முதல் காலை 6 மணி வரை ஊரடங்கு போட்டார். ஒரு வாரம் ஓட்டல்களில் ராத்திரி வியாபாரம் படுத்தது.

ஆகஸ்ட் 6ந் தேதி நடந்தது இன்னும் வேடிக்கை. சாமான் ஏற்றும் வாடகை லாரி ஒன்று கூலிகள் நிற்கும் இடத்துக்கு வந்தது. வேலைக்கு ஆள் எடுக்கத்தான் லாரி வந்திருக்கிறது என்று கிட்டே போனார்கள். பின்கதவைத் திறந்துகொண்டு குதித்தவர்கள் இலாகா ஆட்கள்!

அதன் பிறகு, கூப்பிட வருகிற எந்த லாரியை அந்தக் கூலி நம்புவான்?

வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் வாடகை எப்படிக் கொடுப்பது? 2025 அக்டோபர் 14ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகக் குழு இதற்காகவே நெருக்கடி நிலைமையைப் பிரகடனம் செய்தது. நில நடுக்கம், காட்டுத் தீக்குப் போடுகிற பிரகடனம் அது! சர்க்கார் நடத்திய சோதனைக்காக அதைப் போட வேண்டி வந்தது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெர்செட் கிளை ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். அந்த மாநிலத்தில் தனியார் வேலைக்குப் போனவர்கள் எண்ணிக்கை மே மாதத்தைவிட ஜூனில் 3.1 சதவீதம் குறைந்துபோனது. குறைந்தவர்களில் பிரஜைகளும் உண்டு. முதலாளி கடையைச் சாத்தினால் பிரஜைக்கு மட்டும் சம்பளம் எங்கிருந்து வரும்?

பள்ளிக்கூடம், மாதா கோவில்

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாதா கோவில் ஆகிய இடங்களில் போய்ப் பிடிக்காமல் கூடுமானவரை ஒதுங்கி இருப்பது என்று 2011ம் ஆண்டு முதல் ஒரு கட்டுப்பாடு இருந்தது. 2025 ஜனவரியில், புது சர்க்கார் பதவி ஏற்ற உடனே அதை ரத்து செய்தது.

விளைவு என்ன? அந்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் சோதனை நடந்த பிறகு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவது 22 சதவீதம் கூடிவிட்டதாக ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி சொன்னது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அப்பா, அம்மாவுக்குப் பயம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் சான் பெர்னார்டினோ கத்தோலிக்க மறைமாவட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவது கத்தோலிக்கர்களுக்குக் கடமை. அங்குள்ள பிஷப், "பிடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் பூசைக்கு வராவிட்டாலும் குற்றம் இல்லை" என்ற கருத்தில் 2025 ஜூலையில் உத்தரவே போட்டார். கொள்ளை நோய்க் காலத்தில் கொடுக்கிற சலுகை அது!

திருடனுக்குத்தான் லாபம்

போலீஸ் அனுபவம் உள்ளவர்கள் ஒன்று சொல்வார்கள்: "ஜனங்கள் வாயைத் திறந்தால்தான் திருடனைப் பிடிக்க முடியும்."

1979ம் ஆண்டிலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் ஒரு நிலை உத்தரவு போட்டது. ஒருவர் எந்த நாட்டுக்காரர், அனுமதி உண்டா என்று கண்டுபிடிப்பதற்காகப் போலீசார் யாரையும் மடக்கக் கூடாது என்பது அந்த உத்தரவு. புகார் கொடுக்கவும், சாட்சி சொல்லவும் பயப்படாமல் வர வேண்டும் என்பதுதான் நோக்கம். அது யாரோ இளகிய மனசுக்காரர் போட்டது அல்ல. கண்டிப்புக்குப் பேர்போன போலீஸ் தலைவர் டாரில் கேட்ஸ் போட்டது!

வீட்டில் அடி வாங்கும் பெண் போலீசுக்குப் போகாவிட்டால் யாருக்கு லாபம்? சம்பளம் கொடுக்காத முதலாளி மேல் தொழிலாளி புகார் எழுதாவிட்டால் யாருக்கு லாபம்? அடித்தவனுக்கும், ஏமாற்றியவனுக்கும்தான்!

நியூயார்க்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். குடியேற்றக் கோர்ட்டில் வாய்தாவுக்கு ஒழுங்காக வந்தவர்களை, கோர்ட்டு வராந்தாவிலேயே மடக்கிக் கொண்டுபோனார்கள். ஒளிந்தவன் தப்பித்தான், சொன்ன தேதிக்கு வந்தவன் மாட்டினான். இதைப் பார்த்த பிறகு அடுத்த வாய்தாவுக்கு யார் வருவார்கள்?

நாலு அடையாளம்

"கொலைகாரர்களையும் போதை மருந்து கடத்துகிறவர்களையும் பிடிக்கிறோம்" என்பது அமெரிக்க சர்க்கார் தரப்பு வாதம். அப்படிப்பட்டவர்களைப் பிடித்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களும் பிடிபட்டார்கள் என்பது உண்மைதான்.

ஆனால் 2025 நவம்பரில் "ஐஸ்" காவலில் இருந்தவர்கள் 65 ஆயிரத்துக்கும் அதிகம். சிராக்யூஸ் பல்கலைக்கழகம் திரட்டும் புள்ளிவிவரப்படி, அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை வாங்காதவர்கள்.

எதை வைத்துப் பிடித்தார்கள்? நிறம், பேச்சு, நிற்கும் இடம், செய்யும் வேலை என்ற நாலு அடையாளத்தை மட்டும் வைத்து யாரையும் மடக்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிபதி ஒருவர் 2025 ஜூலை 11ந் தேதி தடை போட்டார். செப்டம்பர் 8ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. 6 நீதிபதிகள் ஒரு பக்கம். 3 நீதிபதிகள் எதிர்ப் பக்கம்.

மடக்கினாலும் பிரஜை என்று தெரிந்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நீதிபதி எழுதினார். ஆனால் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் அக்டோபரில் வெளியிட்ட கணக்குப்படி, 170க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பிரஜைகள் இப்படிப் பிடித்து வைக்கப்பட்டார்கள்.

நம்மவர்களுக்கும் இது பொருந்தும். நிறம் என்று வந்துவிட்டால் அது மெக்சிகோ நிறம், இது இந்திய நிறம் என்று தெருவில் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? 18 வயதான வெளிநாட்டுக்காரர் பதிவுச் சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே பழைய சட்டம். 2025 ஏப்ரல் முதல் அதைக் கண்டிப்பாக அமல் செய்வோம் என்றார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கு முறையாகப் போன பிள்ளையும் பால் வாங்கப் போகும்போது சீட்டை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

2025 பிப்ரவரி 5ந் தேதி 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் ஏற்றி, கை காலில் விலங்கு போட்டு அமிர்தசரசில் கொண்டுவந்து இறக்கினதையும் நாம் மறந்துவிடவில்லை.

விசில் ஊதிய ஜனங்கள்

இவ்வளவு கெடுபிடியிலும் மனசுக்கு ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. சிகாகோவில் அக்கம்பக்கத்து ஜனங்கள் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டார்கள். இலாகா வண்டி தெருமுனையில் தெரிந்தால் விட்டு விட்டு ஊதுவார்கள். யாரையாவது பிடித்தால் நீட்டி ஊதுவார்கள். சைக்கிள்காரர்கள் கூட்டமாகப் போய், தெருவில் பலகாரம் விற்கும் பெண்களிடம் பானையில் இருந்தது மொத்தத்தையும் காசு கொடுத்து வாங்கி, "நீங்க சீக்கிரம் வீட்டுக்குப் போங்கம்மா" என்று அனுப்பி வைத்தார்கள். வாங்கின பலகாரத்தை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள்.

ஜனங்களிடம் இருந்த இந்தப் பொறுப்பு சர்க்காரிடமும் இருந்திருக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை

நாடு கடத்துவது அமெரிக்காவுக்குப் புதுசு இல்லை. ஒபாமா ஆட்சியில் 2012ம் நிதி ஆண்டில் மட்டும் 4 லட்சத்துக்கும் அதிகமானவர்களை அனுப்பினார்கள். பெரும்பாலும் எல்லையிலும் சிறைகளிலும் பிடித்து அனுப்பினார்கள். அதிலும் குடும்பங்கள் பிரிந்தன, கண்ணீர் வடிந்தது. ஆனாலும் அதற்காக நகரங்களில் ஹெலிகாப்டர் இறங்கவில்லை, கடைத்தெருக்கள் காலியாகவில்லை.

பணத்துக்கும் குறைச்சல் இல்லை. 2025 ஜூலை 4ந் தேதி கையெழுத்தான சட்டத்தில் "ஐஸ்" இலாகாவுக்கு மட்டும் சுமார் 7 ஆயிரத்து 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் ஒரு பங்கைக் குடியேற்றக் கோர்ட்டுகளுக்கும் நீதிபதிகளுக்கும் கொடுத்திருந்தால், இருக்க வேண்டியவர் யார், போக வேண்டியவர் யார் என்று சீக்கிரம் தீர்ப்பு ஆகியிருக்கும்.

நாம் சொல்வது இதுதான்:

யாரைப் பிடிக்க வேண்டுமோ அவர் பேரை எழுதிக்கொண்டு போகட்டும். பிடிக்கப் போகிறவர் முகத்தையும் பேரையும் காட்டட்டும். பள்ளிக்கூடத்தையும், ஆஸ்பத்திரியையும், வழிபடும் இடத்தையும், கோர்ட்டையும் விட்டுவிடட்டும். நிறத்தைப் பார்த்தும், பாஷையைக் கேட்டும் மடக்குவதை நிறுத்தட்டும்.

சட்டம் தெருவுக்குள் வந்தால் திருடன்தான் ஓட வேண்டும். கடைக்காரரும், கூலியும், பள்ளிக்கூடப் பிள்ளையும் சேர்ந்து ஓடினால், அந்தத் தெருவில் நடப்பது சட்டத்தின் ஆட்சி ஆகாது!