எறிவதா திறமை?

பழைய மகிழுந்தில் மின்கலம் தளர்ந்தால் போதும். “மின்னழுத்தச் சீராக்கியைக் கழற்றி எறி, மின்னணுக் கருவியைப் பொருத்து” என்று தீர்ப்பளித்துவிடுகிறார்கள். விசாரணையில்லாத தீர்ப்பு! வார்ப்பட்டை தளர்ந்ததா, இணைப்பு துருப்பிடித்ததா என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

1971 வரை உருவான மோரிஸ் மைனர்கள் பலவற்றில் லூக்காஸ் ஆர்.பி.106 சீராக்கிப் பெட்டி இருந்தது. அதனுள் இரண்டு கம்பிச்சுருள்கள். ஒன்று, டைனமோவின் அழுத்தம் மிகும்போது அதன் புலச்சுற்றில் தடையைப் புகுத்தி அடக்குகிறது. மற்றொன்று, எஞ்சின் ஓய்ந்தபின் மின்கலத்தின் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பி ஓடாமல் துண்டிக்கிறது. மூடியைத் திறந்தால் காந்தவியற் பாடம் கண்முன் நடக்கிறது.

பல வேளைகளில் பழுது, தொடுமுனையில் படிந்த கரியே. சீராக்கும் முனையை மென்மையான கார்போரண்டக் கல்லால் துலக்கலாம். துண்டிக்கும் முனைக்கு மெல்லிய கண்ணாடித்தாளே தகும். பின்னர்த் துண்டிக்கும் முனைகளுக்கிடையே காகிதம் செருகி, வோல்ட்மானியை நோக்கித் திருகாணியைத் திருப்ப வேண்டும். அளவு ஏறத்தாழ 16 வோல்ட். வெப்பம் மிகுந்தால் சற்றுக் குறையும். 30 வினாடிக்குள் முடிக்காவிடில் சுருள் சூடேறி, மானி பொய்யுரைக்கும்.

மின்னணுக் கருவி திருத்தமானது, மறுக்கவில்லை. சுருள் எரிந்துபோனால் மாற்றுவதே முறை. ஆனால், ஆராயாமல் எறிவது முன்னேற்றமன்று. அறியாமைக்குப் போர்த்திய பட்டாடை!

ஆசிரியப் பெருமக்களே! அடைத்த கருவியை விலைகொடுத்து வாங்கலாம். திறந்து பார்க்கும் துணிவை வாங்க இயலுமா? மாணவர் கையில் திருப்புளியைக் கொடுங்கள். எறிவதற்குமுன் ஆராயட்டும்!