அலமாரியில் தூங்கும் அரசு லேப்டாப்: எதை, எப்படி இன்ஸ்டால் செய்வது?

கீரனூர்ப் பக்கம் நிறைய வீடுகளில் அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ படித்தபோது வாங்கிய அரசு லேப்டாப் இன்னும் பத்திரமாக இருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். நாம் பாஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்!

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அதனால் கல்லூரி போகும் தங்கைக்காக அந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட நினைப்பவர்கள் அதிகம். போட்ட பிறகுதான் அடுத்த குழப்பம். லிப்ரே ஆபீஸின் புதுப் பதிப்பைத் தேடினால் டெப், ஸ்னாப், ஃப்ளாட்பேக், ஆப்இமேஜ் என்று நாலு விதமாக வந்து நிற்கிறது. எதை எடுப்பது?

டெப் என்பது கூட்டுக்குடும்பச் சமையலறை மாதிரி. உப்பும் புளியும் எல்லோருக்கும் பொது. புது மென்பொருள் வந்தால், இல்லாத பொருளை மட்டும் வாங்கினால் போதும். டவுன்லோடு சின்னது, இடமும் குறைவு. பதிப்பு கொஞ்சம் பழையதாக இருக்கும். புராஜெக்ட் ரிப்போர்ட் டைப் செய்ய அதுவே தாராளம்.

ஃப்ளாட்பேக்கும் ஸ்னாப்பும் தனிக்குடித்தனம். தேவையான பொருளைத் தாங்களே கொண்டுவரும், பதிப்பும் புதிது. ஆனால் முதல் ஃப்ளாட்பேக் மென்பொருளை இறக்கும்போது, கூடவே 'ரன்டைம்' என்று சில நூறு எம்பி வரும். அதே ரன்டைமைப் பயன்படுத்தும் அடுத்த மென்பொருளுக்கு அந்தச் செலவு இல்லை. தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவை ஹாட்ஸ்பாட்டில் பகிரும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. வைஃபை கிடைக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்னாப் இன்னும் ஒரு படி மேல். ஒரு நாளில் நாலு முறை தானாகவே அப்டேட் தேடும், பழைய பதிப்பையும் ஓரமாக வைத்திருக்கும். ஸ்னாப் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, 2 ஜிபி ரேம் லேப்டாப்புக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். மின்ட்டே 2020 முதல் அதை அடைத்துத்தான் வைத்திருக்கிறது.

ஆப்இமேஜ் பார்சல் சாப்பாடு. ஒரே ஃபைல், இன்ஸ்டாலே வேண்டாம். நெட் இருக்கும் தோழி வீட்டில் பென்டிரைவில் ஏற்றி வந்து, ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் இயங்க அனுமதி கொடுத்தால் ஓடும். அப்டேட் தானாக வராது என்பதால் புதுப் பதிப்பை நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும்.

மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில், சில மென்பொருள்களுக்கு 'சிஸ்டம் பேக்கேஜ்', 'ஃப்ளாட்பேக்' என இரண்டு தேர்வுகள் இருக்கும். முதலாவதுதான் டெப், அதையே எடுங்கள். கண்ட இணையதளத்தில் கிடைக்கும் டெப் ஃபைலை மட்டும் தொடாதீர்கள். இன்ஸ்டால் செய்ய நீங்கள் பாஸ்வேர்டு தட்டியதுமே, மொத்த லேப்டாப்பும் அதன் கைக்குப் போய்விடும்.