நீரிழிவுக் கல்வி செவிவழியும் வரட்டும்

நீரிழிவு நோய் இன்று நம் குடும்பங்களில் புதிய செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பெற்று 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோயின் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டுள்ளது. மற்ற பல நோய்களிலிருந்து இது ஒரு வகையில் வேறுபட்டது. மருத்துவர் நோயாளியுடன் செலவிடுவது மாதத்தில் சில நிமிடங்களே. எதை உண்பது, எவ்வளவு இன்சுலின் செலுத்துவது, தலை சுற்றினால் என்ன செய்வது என்று எஞ்சிய நேரமெல்லாம் முடிவெடுப்பவர் நோயாளியே. ஆகவே நீரிழிவைப் பொறுத்தவரை கல்வியும் ஒரு மருந்தாகும்.

அந்த மருந்து பார்வையுடையோருக்கு மட்டுமே பரிமாறப்படுகிறது என்பதுதான் நம் கவலைக்குரியது. மருத்துவமனையில் கையில் தரப்படும் துண்டறிக்கை, சுவரில் ஒட்டப்பட்ட உணவுப் பட்டியல், எண்களை மட்டுமே காட்டும் குளூக்கோமீட்டர், மாத்திரை அட்டையின் பின்புறத்துச் சிற்றெழுத்து ஆகிய யாவும் விழிகளை நம்பியே அமைந்துள்ளன. பார்வையற்றவர் ஒருவர் மருத்துவரின் முன் அமர்ந்திருக்கும்போதும், அறிவுரைகள் உடன் வந்தவரை நோக்கியே சொல்லப்படுகின்றன. "இவருக்கு இதைக் கொடுங்கள், அதைக் கொடுக்காதீர்கள்" என்று, அவர் அங்கே இல்லாததுபோலப் பேச்சு முடிகிறது.

நோயே பறிக்கும் பார்வை

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் கட்டுப்பாடின்றி இருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைகின்றன. தொடக்கத்தில் வலியோ மங்கலோ தோன்றுவதில்லை. எனவேதான் பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கொருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டுமென மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர். உரிய காலத்தில் கண்டறிந்தால் லேசர் சிகிச்சையாலும், கண்ணுக்குள் செலுத்தப்படும் ஊசி மருந்தாலும் பார்வையைப் பெருமளவு காக்க இயலும். காலம் கடந்து வருபவரோ, நோயை முன்னிலும் கவனமாகக் கையாள வேண்டிய வேளையில், அதுவரை படித்தறிந்த வழியெல்லாம் அடைபட்டு நிற்கிறார்.

பிரெய்ல் எழுத்தில் அச்சிட்டுத் தந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். பள்ளிப் பருவத்திலேயே பிரெய்ல் கற்றவர்களுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் நீரிழிவால் பார்வை இழந்தோர் பெரும்பாலும் நடுவயதிலோ முதுமையிலோ அதனை இழந்தவர்கள்; பிரெய்ல் அறியாதவர்கள். நீரிழிவு நரம்புகளையும் தாக்குவதால், அவர்களுள் சிலருக்கு விரல்நுனி உணர்ச்சியும் மழுங்கியிருக்கும். இவர்களுக்கு வேண்டியது பேச்சும், கைபிடித்துக் கற்பித்தலும் ஆகும்.

அன்பு கல்விக்கு ஈடாகாது

"நாங்கள்தாம் இருக்கிறோமே, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம்" என்பது நம் வீடுகளில் வழமையாகக் கேட்கும் பதில். அந்தப் பணிவிடைக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆயினும் மகன் வெளிநாட்டிலும் மருமகள் சமையற்கட்டிலும் இருக்கும் முற்பகலில் தந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துவிட்டால், அந்த நிமிடத்தில் உதவ வேண்டியது அவரது சொந்த அறிவே. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி ஆகியவை எச்சரிக்கைகள் என்பதும், 70 மில்லிகிராமுக்குக் கீழே சர்க்கரை இறங்கினால் சுமார் 15 கிராம் குளூக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதும் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். குளூக்கோஸ் டப்பா எந்நாளும் ஒரே இடத்தில், அவர் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

இதில் வெட்க உணர்வும் அடங்கியுள்ளது. இன்சுலின் ஊசி வயிற்றிலோ தொடையிலோ போடப்படுவது. பார்வையற்ற ஒரு பெண்மணி, வீட்டில் உதவிக்கு வேறு பெண்கள் இல்லாத நாள்களில் யாரை அழைப்பார்? கூச்சத்தால் ஊசியைத் தவிர்த்துவிடுவதும் நடக்கக்கூடியதே. தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது அவரது உடல்நலத்தோடு கண்ணியத்தையும் சேர்த்துக் காக்கும்.

இங்கு அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நினைவுகூர்வது பொருந்தும். பார்வையற்ற அந்த நபித்தோழர் நபி (ஸல்) அவர்களிடம் நாடி வந்தது கல்வியைத்தான். குறைஷித் தலைவர்களுடனான உரையாடலுக்கு இடையே அவர் வந்த நிகழ்ச்சியையொட்டி அருளப்பட்டதே 'அபஸ' அத்தியாயம். கற்க ஆர்வத்தோடு வந்த பார்வையற்றவருக்கே முன்னுரிமை என்பதை அது என்றென்றைக்குமாக நிலைநாட்டியது. பின்னாளில் அவர் மதீனாவில் பிலால் (ரலி) அவர்களோடு முஅத்தினாக விளங்கினார். ரமளானில் மக்கள் ஸஹர் உணவை நிறுத்தியது அவரது பாங்கொலியைக் கேட்டே. வைகறையைக் கண்ணால் காண இயலாத அவரிடம் "விடிந்துவிட்டது" என்று மக்கள் வாயால் அறிவிப்பார்கள். அதன் பின்னரே அவர் பாங்கு சொல்வார். பார்வையில்லை என்பதற்காக அப்பணியை அச்சமூகம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. செய்தியை அவர் அறியும் வடிவில் தந்தது. பணியை அவரே செய்தார். நீரிழிவுக் கல்வியிலும் நமக்கு வேண்டிய நெறி இதுவே.

செவியும் கையும் கற்கக் கூடியவை

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட குப்பிகளும், 100 யூனிட் கொண்ட பேனாக்களும் புழக்கத்தில் உள்ளன. இவ்விரு செறிவுகளுக்குமான ஊசிக்குழல்களை மூடியின் சிவப்பு, ஆரஞ்சு நிறங்களைக் கொண்டே பிரித்தறிகிறோம். நிறத்தைக் காண இயலாதவர் மாற்றி எடுத்துவிட்டால் மருந்தின் அளவு இரண்டரை மடங்காகிவிடக்கூடும். எனவே பார்வையற்றோருக்குக் குப்பியை விடப் பேனாவே பெரும்பாலும் ஏற்றது. பல பேனாக்களில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு 'கிளிக்' ஒலி எழும். பின்னோக்கித் திருப்பினாலும் அதே ஒலி எழுமாதலால், ஒலியை மட்டும் நம்பி யாரும் தாமாகத் தொடங்கிவிடக் கூடாது. பயிற்சி பெற்ற செவிலியர் அருகிலிருந்து, அவர் தவறின்றிச் செய்வதைப் பலமுறை உறுதிசெய்த பின்னரே தனியே விட வேண்டும். இருவகை இன்சுலின் போடுபவர் ஒரு பேனாவில் ரப்பர் வளையம் சுற்றி வைத்தால் தொட்டே பிரித்தறியலாம்.

சர்க்கரை அளவை வாய்விட்டுச் சொல்லும் குளூக்கோமீட்டர்கள் உலகில் பல ஆண்டுகளாக உள்ளன. தோலில் ஒட்டப்படும் உணரிகளின் அளவைக் கைபேசியின் திரைவாசிப்பான் மூலம் செவியால் அறியவும் வழியுண்டு. ஆயினும் விலையும், தமிழில் பேசும் வசதியின்மையும் நம் மக்களுக்குத் தடைகளாக நிற்கின்றன.

பாதங்களைப் பேணுவது அடுத்தது. மரத்துப்போன காலில் முள் தைத்தாலும் தெரிவதில்லை. பார்வையும் இல்லையெனில் புண் ஆழமாகும் வரை யாருக்கும் தெரியாமலே போகும். உளூவின்போது கால்விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவுகிறோம். அதன் பின் அவ்விடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, வெடிப்போ வீக்கமோ உள்ளதா என நாளுக்கு ஒருமுறை வீட்டிலுள்ள ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னால் பல கால்கள் காப்பாற்றப்படும். கோடைக்கால ஜுமுஆவில் பள்ளிவாசல் முற்றத்துக் கல்தளம் கொதிக்கும். உளூச் செய்யுமிடத்திலிருந்து தொழுகைக் கூடம் வரை ஒரு பாய் விரித்து வைப்பது உணர்ச்சியற்ற பாதங்களுக்கு நாம் செய்யும் மருத்துவமாகும்.

உணவிலும் இவ்வாறே. தட்டைக் கடிகாரமாகக் கருதி, "மூன்று மணிப் பக்கம் சோறு, ஒன்பது மணிப் பக்கம் காய்கறி" என்று சொல்லிப் பரிமாறினால் எவ்வளவு உண்கிறோம் என்பதை அவரே அறிவார். காயல்பட்டினத்திலும் இலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் விருந்துகளில் பலர் ஒரே சஹனில் சேர்ந்து உண்பது வழக்கம். அங்கே அவரது பங்கை அளந்து தனிக் கிண்ணத்தில் வைத்தால், அதை ஒதுக்கிவைத்ததாக எவரும் கருத வேண்டியதில்லை. சேர்ந்து உண்பதற்கும் தனித்து உண்பதற்கும் அனுமதி தரும் அந்நூர் அத்தியாயத்தின் 61-ஆம் வசனம், பார்வையற்றோரையும் நோயாளிகளையும் பெயர் சுட்டியே பேசுகிறது.

நோன்புக்கு முன்

இன்சுலின் போடும் ஒருவர் நோன்பு நோற்கலாமா என்பதை ரமளான் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவருடன் பேசி முடிவுசெய்ய வேண்டும். நோன்பின்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது இத்துறை வல்லுநர்களின் வழிகாட்டுதல். விரல்நுனியில் இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. ஆனால் அளவியின் எண்ணைப் படிக்க இயலாதவருக்கு இந்த வழிகாட்டுதலால் என்ன பயன்? அந்த எண்ணை அவர் செவிக்குக் கொண்டுசேர்க்க ஏற்பாடு செய்யாமல், "சோதித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

யார் என்ன செய்யலாம்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகலை வேண்டுகிறது. அந்த அணுகலைச் சாய்வுப்பாதையோடு நிறுத்திவிடலாகாது. மருத்துவ அறிவுரையும் அதில் அடங்கும். மருத்துவர் தம் அறிவுரையை நோயாளியின் கைபேசியிலேயே இரண்டு நிமிடம் குரல்பதிவாகப் பேசித் தந்தால் செலவேதுமில்லை. பின்னர் அவரையே திருப்பிச் சொல்லச் செய்தால் புரிந்ததா என்பதும் தெளிவாகும். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் நீரிழிவு மாத்திரைகளை வீடுகளுக்கே கொண்டு செல்கின்றனர். பார்வையற்றோருக்குக் கற்பிக்கும் முறையையும் அவர்களுக்குப் பயிற்றுவிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் மருந்துகளின் வெளியுறையில் பெயரைப் பிரெய்லில் பொறிக்க வேண்டுமென 2004-லேயே சட்டமியற்றியது. நாமும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஜமாஅத்துகள் நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையைச் சோதித்துத் துண்டுச்சீட்டு தருவதோடு நில்லாமல், பார்வைக் குறைவுடையோருக்கென ஒரு மேசை ஒதுக்கி, இன்சுலின் பேனாவையும் அளவியையும் தொட்டுப் பழகச் செய்யலாம். மஹல்லா வாட்ஸ்ஆப் குழுக்களில் மருத்துவச் செய்திகளைப் படமாக மட்டும் அனுப்பினால் திரைவாசிப்பான் பல வேளைகளில் அவற்றைப் படிக்காது. அதே செய்தியை எழுத்தாகவோ குரலாகவோ சேர்த்தனுப்புவது எளிது.

சிலருக்காக இவ்வளவு முயற்சி எதற்கு என்று எண்ண வேண்டாம். குர்ஆனைத் திருத்தமாக ஓதத் தெரிந்தும் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிமார் நம் ஊர்களில் எத்தனை பேர்! கண்புரையால் சிற்றெழுத்து மங்கிய முதியோர் எத்தனை பேர்! பார்வையற்றோருக்காகப் பதிவுசெய்யப்படும் ஒரு குரல் இவர்கள் அனைவருக்கும் பயன்படும்.

நம் சமுதாயம் செவிவழிக் கல்வியின் அருமை தெரிந்த சமுதாயம். இறைமறை தலைமுறை தலைமுறையாகக் கேட்டும் மனனம் செய்தும் காக்கப்பட்டது. கிராஅத் கலையின் பேராசானாகப் போற்றப்படும் இமாம் ஷாதிபி (ரஹ்) அவர்களும் பார்வையற்றவரே. அத்தகைய மரபில் வந்த நாம், ஓர் இன்சுலின் ஊசியைப் பற்றிய பாடத்தைச் செவிவழி கற்பிக்க இயலாது என்று சொல்வதற்கில்லை. இந்த வாரம் உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்வை குறைந்த நீரிழிவு நோயாளி ஒருவர் இருந்தால், அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியவில்லை என்று அவரிடமே அமர்ந்து கேளுங்கள். அல்லாஹ் அதில் பரக்கத் செய்வானாக.