சதவீதத்தோடு நிறுத்தச் சொன்னது யார்?

தென்மாவட்டக் கலைக் கல்லூரிகளில் சமூகவியல், பொருளியல், சமூகப்பணித் துறைகளின் அலமாரியைத் திறந்தால் ஒரே அளவில் பைண்டு செய்த ப்ராஜெக்ட்டுகள் வரிசையாக நிற்கும். எதைப் பிரித்தாலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும்: கைக்கு அகப்பட்ட நூற்றுச் சொச்சம் பேர், எளிய சதவீதப் பகுப்பாய்வு, ஒரு கை-வர்க்கச் சோதனை, கடைசியில் கேரட் (Garrett) தரவரிசை. எண்களை எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் போட்டுக் கொடுத்தது டைப்பிங் கடை. "இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது" என்ற வரியை வைவாவுக்கு முந்தைய இரவு மாணவர் மனப்பாடம் செய்திருப்பார்.

ஏன் இப்படி என்று கேட்டால் துறைக்குத் துறை ஒரே பதில். "ஆர்ட்ஸ் எடுத்த பிள்ளைங்க சார், கணக்கு வராதுன்னுதானே இங்க வந்திருக்காங்க. ரெக்ரஷன் எல்லாம் பிஎச்.டி. வரும்போது பாத்துக்கட்டும்." கேட்கப் பரிவாக இருக்கிறது. ஆனால் இளங்கலையோடு படிப்பை முடித்துக்கொள்ளும் பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு இது மூடிய கதவு. அவர்களுக்கு அந்த 'பிஎச்.டி. வரும்போது' வரவே வராது.

குலசேகரன்பட்டினத்தை, ஊர்வழக்கில் குலசையை, எடுத்துக்கொள்வோம். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே அடிக்கல் நாட்டினார்கள். சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் விலை ஏறியதா, ஏறியிருந்தால் அது ஏவுதளத்தாலா என்று மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி கேட்கிறாள் என்று வையுங்கள். அருமையான கேள்வி. நாம் கற்றுக்கொடுத்த முறைப்படி அவள் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் ஒரு படிவத்தை நீட்டுவாள்: "ஏவுதளத்தால் நில விலை உயர்ந்துள்ளது – முழுதும் ஒப்புகிறேன், ஒப்புகிறேன், கருத்து இல்லை..." முடிவில் அவள் கையில் இருப்பது ஊர்ப்பேச்சின் சதவீதம். விலையைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது.

இதற்கு அடுத்த படி என்ன? அதே கடற்கரையில் ஏவுதளம் வராத இன்னோர் ஊர், வேம்பார் என்று வைத்துக்கொள்ளலாம். குலசையில் முன்பும் பின்பும் என்ன விலை, வேம்பாரில் முன்பும் பின்பும் என்ன விலை? நான்கு எண்கள். குலசையின் ஏற்றத்திலிருந்து வேம்பாரின் ஏற்றத்தைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை போய்விடுமா என்பதை நியூ ஜெர்சியையும் பென்சில்வேனியாவையும் ஒப்பிட்டு டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994இல் ஆராய்ந்ததன் அடிப்படை இந்தக் கழித்தல்தான். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசே கிடைத்தது. கழித்தல் நம் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்புப் பாடம்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வேம்பார் ஒப்பிடத் தகுந்த ஊர்தானா? கிரயப் பத்திரத்தில் எழுதிய தொகைதான் கைமாறிய தொகையா? (இல்லை என்பது டீக்கடை பெஞ்சுக்கும் தெரியும்.) ஏவுதளப் பேச்சு அடிக்கல்லுக்குப் பல ஆண்டுகள் முன்பே கிளம்பிவிட்டதே, அப்படியானால் எந்த ஆண்டை 'முன்பு' என்பது? கடலோர நிலத்தையும் செம்மணல் தேரிக்காட்டு நிலத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா? தேரியா கரையா, ரோட்டோரமா உள்ளேயா, தண்ணீர் இனிப்பா உப்பா என்பதையெல்லாம் ஒருசேரக் கணக்கில் கொள்ள வேண்டிவரும்போதுதான் ரெக்ரஷன் தேவைப்படுகிறது. இந்தக் கேள்விகளில் பக்கத்து ஊரான உடன்குடிப் பெண்ணுக்கு ஓடும் புத்தி, எண்ணை மட்டும் பார்த்துப் பழகிய சென்னைப் புள்ளியியலாளருக்கு ஓடாது.

இந்தக் கரைக்கு மாதிரி எடுப்பது ஒன்றும் புதிதில்லை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு அறிவிக்கும் முன் சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான பார்களில் ஆள் இறக்கிச் சிப்பி எடுத்துவருவார்கள். எண்ணி, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று மதிப்புக் கட்டுவார்கள். ஒரு பாரில் எடுத்த சிப்பியை வைத்துத் தொல்லாயிரம் பாருக்கு விலை சொன்னாலோ, இளஞ்சிப்பியை முதிர்ந்த சிப்பியோடு கலந்துவிட்டாலோ, நட்டம் வியாபாரி தலையில். படுகைக் கூறெடுப்பு என்று நாம் கரும்பலகையில் எழுதிக் குழப்புவது இதைத்தான். 1961இல் கடைசிக் குளிப்போடு அது முடிந்தது. ஆனால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மீன்வரத்தைக் கணிப்பது இன்றும் இடத்தையும் நாளையும் பிரித்து மாதிரி எடுத்துத்தான்.

இளம் பிள்ளைகளால் ஆகாது என்பவர்களுக்குக் கில்பர்ட் ஸ்லேட்டரை நினைவூட்ட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக வந்தவர், 1916இல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் என்று விசாரித்து எழுதிவரச் செய்தார். 1918இல் அது புத்தகமாயிற்று. நம் பக்கத்துக் கங்கைகொண்டானும் அதில் உண்டு. 1930களிலும் அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போனார்கள், ஒப்பிட அந்த மாணவர்களின் எண்கள் இருந்ததால்.

ஆசிரியர்களின் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. செமஸ்டருக்கு ஒரே ஒரு தாள், அறுபது பிள்ளைகள், கணினி அறைச் சாவி வேறு துறையிடம். ஆனால் செலவைக் காரணம் காட்ட முடியாது. ஆர் மென்பொருள் இலவசம். வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பின் மூலத் தரவை மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் காசு வாங்காமலே தருகிறது. போதாதது, பிள்ளைகள் மேல் நமக்குள்ள நம்பிக்கை.

வாக்காளர் பட்டியலிலிருந்து குலசையில் நாற்பது வீட்டைக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். பூட்டிய வீடுகள் வரும். நம் வழக்கம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் படிவத்தை நிரப்பிவிடுவது. பூட்டிய வீட்டுக்காரர் மும்பையிலோ வளைகுடாவிலோ இருப்பார். தசராவுக்கு வந்து காப்புக் கட்டி, வேடம் போட்டு, முத்தாரம்மனுக்குக் காணிக்கை பிரிப்பார். அப்போது போய்க் கேட்டால் ஊரின் வருமானம் ஒரு மாதிரி, தை மாதம் கேட்டால் வேறு மாதிரி. தசராப் பட்டியல், தைப் பட்டியல் இரண்டில் எது குலசை என்று வகுப்பில் சண்டை வரட்டும். ரெக்ரஷனை மறுநாள் ஆரம்பித்துக்கொள்ளலாம்.