அருவாமனை வெட்டாத உதடு

2010 ஜனவரி 15 அன்று மாட்டுப் பொங்கலும் தை அமாவாசையும் சேர்ந்து வந்தன. முற்பகல் பதினொரு மணிக்கு மேல் பிடித்த சூரிய கிரகணம் மூன்று மணி தாண்டித்தான் விட்டது. நெல்லைச் சீமை வளையக் கிரகணத்தின் பாதைக்குள் இருந்தது. உச்சிவெயில் மங்கி, சூரியன் ஒரு மெல்லிய வளையலாக நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையில் அதைப் பார்க்காத ஒரு கூட்டம் உண்டு. பிள்ளத்தாச்சிகள். சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணியைத் திணித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் அவர்களை உள்ளே உட்கார வைத்திருந்தோம். அடுப்படியிலிருந்து அருவாமனை பரணுக்குப் போயிற்று. முக்கூடல் பக்கத்தில் பீடி இலை வெட்டும் கத்தரியும் தட்டை விட்டு இறங்கியிருக்கும்.

“கிரகணத்தன்னைக்கு எதையாவது வெட்டினா பிள்ளைக்கு ஒதடு வெட்டுப்பட்டுரும்.”

நான் வளர்ந்த வீட்டிலும் இதே பேச்சுத்தான். யாரும் அதை மிரட்டிச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார்கள். அக்கறையோடு சொல்லப்படுவதாலேயே அந்தப் பொய் இன்றுவரை வீட்டுக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

உதட்டுப் பிளவு வெட்டு அல்ல. முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இது. ஒன்றாயிருந்த உதடு எப்போதோ கிழிந்து இரண்டாகவில்லை. கருவில் எல்லார் முகமும் தனித்தனி மடல்களாகத்தான் தொடங்குகிறது. பக்கவாட்டிலிருந்தும் நடுவிலிருந்தும் அவை வளர்ந்து வந்து ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. மூக்குக்குக் கீழே, மேலுதட்டு நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே தட்டுப்படும் சிறு பள்ளத்தின் இரண்டு கரைகளும் அந்தச் சேர்க்கையின் தடம். இதைப் படிக்கும் உங்கள் உதடும், எழுதும் என் உதடும் சில நாட்கள் பிளந்தே இருந்தவைதான். நமக்குச் சேர்ந்தது, சில பிள்ளைகளுக்குச் சேரவில்லை.

அது சேரும் காலத்தைக் கவனியுங்கள். கரு உருவான நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் உதட்டின் வேலை முடிந்துவிடுகிறது. மேலண்ணம் பன்னிரண்டாவது வாரத்துக்குள் மூடிவிடுகிறது. உதடு சேர்வது, நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று பெண் சந்தேகப்படத் தொடங்கும் நேரத்தில். அரசின் மகப்பேறு உதவிக்காகப் பன்னிரண்டு வாரத்துக்குள் நர்ஸம்மாவிடம் பதிந்துகொள்ளச் சொல்கிறார்கள். அவள் போய்ப் பதிந்துகொள்ளும் நாளில் பிள்ளையின் உதடு சேர்ந்தோ சேராமலோ எப்போதோ முடிவாகியிருக்கும். ஏழாம் மாத வயிற்றோடு இருட்டறையில் முடக்கப்படுகிறவள், ஐந்து மாதத்துக்கு முன்பே மூடிவிட்ட உதட்டைக் காப்பதற்காக அங்கே வியர்த்துக்கொண்டிருக்கிறாள்.

உலகம் முழுவதும் ஏறக்குறைய எழுநூறு பிரசவத்துக்கு ஒன்று என்று இந்தப் பிளவு வருகிறது. கிரகணம் தெரிந்த ஊரிலும் தெரியாத ஊரிலும், கத்தியைத் தொட்டவளுக்கும் தொடாதவளுக்கும் வருகிறது. பண்டைய மெக்சிகோவின் அஸ்டெக் மக்களும் கிரகணத்தின்மேல்தான் பழி போட்டார்கள். நிலவு கடிபட்டதுபோல் பிள்ளையின் உதடும் கடிபடும் என்று பயந்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட காப்பு என்ன தெரியுமா? கர்ப்பிணி தன் உடம்போடு ஒரு கல்கத்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே காப்பாற்றுவதும் கத்திதான், இங்கே வெட்டுவதும் கத்திதான். ஐரோப்பாவில் நிலாவை விட்டுவிட்டு முயலைப் பிடித்துக்கொண்டார்கள். கர்ப்பிணியின் குறுக்கே முயல் ஓடினால் பிள்ளைக்கு முயல் உதடு என்றார்கள். ஒவ்வொரு ஊரும் தன் கண்ணில் பட்டதைக் குற்றவாளியாக்கியது. எல்லா ஊரிலும் கடைசியில் கூண்டில் ஏறியவள் பெற்றவள்தான்.

“சரி, பொய்யாகவே இருக்கட்டுமே. மூணு மணி நேரம் உள்ளே இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?” படித்தவர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பல வீடுகளில் மருத்துவம் படித்த மகளுக்கும் இதே சமாதானம்தான். இந்தக் கேள்வியோடுதான் எனக்குச் சண்டை.

எழுநூறு பெண்கள் உள்ளே இருக்கிறார்கள். அறுநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பேருக்கு ஒன்றும் குறைவதில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கிறது, நம்பிக்கைக்கு ஒரு சாட்சி கூடுகிறது. எழுநூறாவது பெண்ணுக்குப் பிளவோடு பிறக்கிறது. பனிக்குட ஈரம் காயுமுன்பே அவள் முன்னால் விழும் முதல் கேள்வி, “ஏட்டி, கிரகணத்தன்னைக்கு என்னத்த வெட்டின?” என்பது. அவளும் யோசிக்கத் தொடங்குகிறாள். நகம் வெட்டினோமா, நூல் அறுத்தோமா, வெங்காயம் நறுக்கினோமா, வாசலுக்குப் போனோமா. தேடினால் ஏதாவது ஒன்று அகப்படாமலா போகும்? அகப்பட்டதும் அவளே தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். நாம் கொடுத்த மூன்று மணி நேரப் பாதுகாப்புக்கு விலையை அந்த ஒருத்தி ஆயுள் முழுக்கக் கட்டுகிறாள். மாமியார் மறந்தாலும் அவள் மறப்பதில்லை. அப்பனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மரபணுவில் பாதி அவனுடையது.

உண்மையான காரணங்கள் பல கலந்தவை. இருவழி மரபும் உண்டு. வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், புகைப் பழக்கம், கட்டுக்குள் வராத சர்க்கரை ஆகியவையும் உண்டு. எத்தனையோ பிள்ளைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவர் விரல் நீட்டிச் சொல்ல முடிவதில்லை. வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண் கருத்தரிக்குமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும், தானாக நிறுத்திவிடக் கூடாது. அந்த அளவுக்கு இந்த அறிவு பயன்படுகிறது. நிலாவிடமிருந்து பிடுங்கிய பழியை “சொந்தத்துல கட்டினே, அதான்” என்று மறுபடி அவள் தலையில் வைக்க யாருக்கும் உரிமையில்லை.

இந்தப் பழி பிள்ளையின் உடம்பில் எங்கே போய்த் தைக்கிறது என்று சொல்கிறேன். அண்ணப் பிளவுள்ள குழந்தையால் உறிஞ்ச முடியாது. வாய்க்குள் காற்று அடைபடாது, பால் மூக்கு வழியாக வரும். கையில் ஏந்தவே கூசும் தாய், பார்க்க வருகிறவர்களுக்குப் பயந்து முகத்தைத் துணியால் மூடும் தாய், இரண்டு மணிக்கொரு தரம் பொறுமையாகப் பால் புகட்டுவாளா? இங்கேதான் நம் ஆச்சிமாரிடம் ஒரு நல்ல சாமான் இருக்கிறது, சங்கு. பாலாடை என்று சொன்னாலும் அதுதான். தாய்ப்பாலைப் பீய்ச்சி, பிள்ளையை நிமிர்த்திச் சாய்த்துப் பிடித்து, சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, இடையிடையே முதுகைத் தட்டி ஏப்பம் விட வைத்தால் பிள்ளை தேறிவிடும். மருத்துவமனைகளிலும் இதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். அருவாமனையை ஒளித்துவைக்கும் அதே கை சங்கை எடுத்துக் கொடுத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் தேறியிருக்கும்!

தேறினால்தான் ஆபரேஷன். அறுவை மருத்துவர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பத்து வாரம் ஆகியிருக்க வேண்டும், எடை பத்து பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ இருக்க வேண்டும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து இருக்க வேண்டும். உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சேர்க்கிறார்கள். அண்ணத்தை ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள், பேச்சு முழுக்கத் திரளுமுன் மூடப் பார்க்கிறார்கள். பால் இறங்காமல் வற்றிய பிள்ளையை மயக்க மருந்துக்கு உட்படுத்த முடியாது. தேதி தள்ளிப்போகிறது. தள்ளித் தள்ளி ஐந்து வயதில் அண்ணத்தை மூடினால், அதற்குள் மூக்கால் பேசிப் பழகிய நாக்கைத் திருப்புவது பெரும்பாடு.

பணமில்லாததால்தான் இப்படி ஆகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த ஒரு குறைபாட்டில் இன்று முதல் தடை பணமல்ல. 1999-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஸ்மைல் ட்ரெய்ன் என்ற அறக்கட்டளை வெளிநாட்டு மருத்துவரை விமானத்தில் அனுப்புவதில்லை. உள்ளூர் மருத்துவமனையோடு சேர்ந்து, உள்ளூர் அறுவை மருத்துவர் செய்யும் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பணம் தருகிறது. 250 டாலர் இருந்தால் ஒரு பிள்ளையின் முகம் என்று அது நன்கொடையாளர்களிடம் கேட்டது. அப்படி உலகெங்கும் பத்து லட்சத்துக்கு மேல் ஆபரேஷன்கள் நடந்துவிட்டன. அவற்றில் ஒரு பெரிய பங்கு இந்தியாவில். அரசுப் பக்கத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2013 முதல் தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து, பதினெட்டு வயது வரை உள்ளவர்களைப் பார்த்துச் சிகிச்சைக்கு அனுப்புகிறது. அந்தப் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இருக்கின்றன.

2009-இல் ஆஸ்கர் வாங்கிய ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்தைப் பலர் பிளவு சரியாகிச் சிரிக்கும் சிறுமிக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். என் மனதில் நின்றவர் அந்தப் படத்தில் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் வீடுவீடாக அலையும் சமூகப் பணியாளர்தான். வாரணாசியில் ஆபரேஷன் இலவசம். ஆனால் பிளவைச் சரிசெய்ய முடியும் என்று ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. விதியின் தண்டனை என்று நம்பிவிட்ட வீடு எந்த மருத்துவரையும் தேடிப் போகாது.

நம் பக்கத்துக்கு இது புதிய பாடமல்ல. சிற்றாற்றுப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகளை ஆரம்ப வயதிலேயே கண்டுபிடிப்பதைத் தன் பெரிய வேலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மறைத்து வைத்த குழந்தையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் “ஒரு பிள்ளை ஆபரேஷனுக்கு நான் கட்டுறேன்” என்று கேட்கும் நல்ல மனசுக்காரர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். தையலுக்குப் பணம் கிடைத்துவிடுகிறது. தையலுக்கு முன்னும் பின்னும்தான் கிடைப்பதில்லை. பேச்சுப் பயிற்சி வருஷக்கணக்கில் தேவைப்படும். காதில் நீர் கோத்துக் கேட்பது மங்கும், அதைப் பார்க்க வேண்டும். எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள் ஈறில் எலும்பு வைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தரமும் நெல்லை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினால் பீடி சுற்றும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியைக் கொடுங்கள். பேச்சுப் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுங்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களில் இவை எதுவும் தெரியாது. ஆனாலும் பிள்ளை வகுப்பில் எழுந்து தன் பெயரைத் தெளிவாகச் சொல்வது இவற்றால்தான்.

கிரகணம் விட்டதும் ஆற்றில் முழுகுவதை நான் குறை சொல்லவில்லை. 499-இலேயே ஆரியபட்டர் கிரகணம் நிழல் விளையாட்டு என்று எழுதிவிட்டார். நிமிடம் பிசகாமல் கிரகணம் கணிக்கப்படுவதும் அந்த நிழலின் கணக்கால்தான். கணக்கு தெரிந்த ஊர் தாராளமாக முழுகட்டும்.

2027 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஆடி அமாவாசை. காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூட்டம் நெரியும். அன்று பின்னேரம் நம் வானத்தில் சூரியன் ஓரளவு மறைபடப் போகிறது. அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் மேலப்பாளையத்திலும் அன்றைக்கு எத்தனையோ பேர் முழுகாமல் இருப்பார்கள். அவர்களில் யாரோ ஒருத்தியின் வயிற்றில் உதடு சேராத பிள்ளை இருக்கலாம். அது பிறந்த அன்று அவள் மாமியார் வார்டுக்குள் வருவாள். “என்னத்த வெட்டின?” என்று கேட்பாளா, “சங்கு கொண்டு வந்திருக்கேன், பாலப் பீச்சு தாயி” என்பாளா?